மயிலை அறியாத அட்டை

ஆரணிப் பட்டுப் புடவையின் கரையில் வரிசையாக மயில் நடக்கிறது. அதை நெய்த தறிக்கோ மயில் என்று ஒரு பறவை இருப்பதே தெரியாது. இந்த ஊடை போகும்போது பாவில் எந்தெந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குச் சொல்லப்படுகிறது. சொல்வது, நெசவாளரின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் சுற்றிவரும் துளையிட்ட அட்டை.

ஆரணியிலும் சேவூர், தேவிகாபுரம் போன்ற சுற்று ஊர்களிலும் இந்த அட்டைச் சரம் தொங்கும் வீடுகள் ஏராளம். அவற்றில் பலவற்றில் முன்னறையில் இப்போது பெரிய டிவியும் வந்துவிட்டது. டிவியோடு ஒரு கணினியை இணைத்து வீட்டையே தியேட்டர் ஆக்கலாம் என்று பையனோ பெண்ணோ ஆசைப்படும்போது, கடையில் முதலில் எழும் கேள்வி: எந்த கிராபிக்ஸ் கார்டு? இந்தக் கேள்விக்குப் பாதி விடை உள்ளறைத் தறியிலேயே இருக்கிறது என்பது என் கட்சி. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைவிட அந்தத் தறி நன்றாக விளக்கும்.

ஜக்கார்டு பெட்டிக்குள் நடப்பது இது. ஒவ்வொரு பாவு இழைக் கட்டுக்கும் ஒரு கொக்கி. கொக்கியை ஒரு ஊசி பிடித்திருக்கிறது. அட்டை வந்து ஊசிகளின் மேல் அழுந்துகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும். கொக்கி நேராக நிற்கும். மேலே எழும் கத்தி அதைத் தூக்கிக்கொண்டு போகும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி சாயும், கத்தி அதைத் தொடாமல் போய்விடும். நெசவாளர் மிதியை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு அட்டை, ஒரு ஊடை. ஜக்கார்டு வருவதற்கு முன் இதே வேலையைத் தறியோடு உட்கார்ந்த இன்னொருவர் நூல் கட்டுகளைக் கையால் இழுத்துச் செய்தார். காஞ்சிபுரத்தில் அந்த முறைக்கு அடை என்று பெயர். பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் இந்தப் பொறியை உருவாக்கியபோது அந்த இன்னொருவருடைய நினைவாற்றலை அட்டைக்கு மாற்றிவிட்டார்.

அதன் உச்சத்தை 1839-இல் லியோனிலேயே காட்டினார்கள். ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் பிடித்தன. அச்சுப் படம் என்றே பார்த்தவர்கள் நினைக்குமளவு நுணுக்கம். அதில் ஒரு பிரதியை லண்டனில் வைத்திருந்தவர் சார்லஸ் பாபேஜ். தன் கணிப்பொறிக்குத் துளையட்டைதான் வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தது தெரிந்த கதை. நான் போட்டுப் பார்த்த கணக்கு வேறு. ஒரு அட்டையில் ஆயிரத்துச் சொச்சம் துளையிடங்கள் என்றால், 24,000 அட்டைகளில் ஏறக்குறைய இரண்டரைக் கோடி ‘ஆம், இல்லை’கள். இன்றைய கணக்கில் 3 எம்பி. உங்கள் டிவியில் ஓடும் முழு எச்டி படத்தின் ஒரே ஒரு பிரேமைச் சுருக்காமல் எழுதினால் 6 எம்பிக்கு மேல் ஆகும். அந்தப் பட்டு உருவப்படத்தின் இரண்டு மடங்கு. அதுவும் ஒரு நொடியின் இருபத்துநான்கில் ஒரு பங்குக்கு.

ஆனால் ஆரணியில் யாரும் ஒரு புடவைக்கு 24,000 அட்டை குத்துவதில்லை. காரணம், புட்டா திரும்பத் திரும்ப வருகிறது. 240 கொக்கிப் பெட்டியில் 200 அட்டை கட்டினால் 48,000 கட்டளைகள். ஒரு மயிலுக்கு அது போதும் என்று வையுங்கள். அட்டைகளை வட்டமாகக் கோத்துவிட்டால் ஐந்தரை மீட்டர் முழுக்க அதே மயில் மறுபடி மறுபடி நடக்கும். அகலவாட்டிலும் இதே சிக்கனம்: ஒரே கொக்கியில் பல இழைகளைக் கட்டிவிட்டால் ஒரு பூவின் கட்டளை பத்துப் பூவாக விரியும். முந்தியில் வேறு உருவம் வருகிறதா, அங்கே மட்டும் புது அட்டை. எது மாறுகிறதோ அதற்கு மட்டும் புதுக் கட்டளை என்ற இந்த ஒரே யோசனையின் மேல்தான் இன்றைய டிஜிட்டல் வீடியோவில் பெரும்பகுதி நிற்கிறது.

எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கலாம். 4K டிவியில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 என்று 82,94,400 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 10 பிட். நொடிக்கு 24 பிரேம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தில் 2,16,000 பிரேம்கள். சுருக்காமல் வைத்தால் 6.7 டிபி, ஒரு படத்துக்கே நாலைந்து ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும். அதே படத்தை ஓடிடியில் நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் இறக்கிப் பார்த்தால் மொத்தம் 17 ஜிபிக்குள் முடிந்துவிடுகிறது. 400-இல் ஒரு பங்கு. மீதி 399 பங்கு எங்கே போனது?

கொஞ்சம் நம் கண்ணிலேயே போய்விட்டது. மயில்கழுத்துப் புடவையைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால் அந்த நிறத்தில் ஒரு இழைகூட இருக்காது. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். தள்ளி நின்று பார்க்கும்போது கண் இரண்டையும் கலந்துகொள்கிறது. வெளிச்சமும் நிழலும் நமக்குக் கூர்மையாகத் தெரியும். நிறத்தின் எல்லைகள் அவ்வளவு கூர்மையாகத் தெரியாது. வீடியோ சுருக்கிகள் இந்தப் பலவீனத்தை நன்றாக அறிந்தவை. வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் எழுதுகின்றன. நிறத்தை நாலு பிக்சலுக்கு ஒருமுறைதான் எழுதுகின்றன. இந்த ஒரு வேலையிலேயே சுமை பாதியாகிவிடும், பார்ப்பவர் கண்டுகொள்வதுமில்லை.

அடுத்த பங்கு ஒரு கணிதத்தால் போயிற்று. அதன் பின்னால் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது இருக்கிறார். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1972-இல், படங்களைச் சுருக்க கொசைன் அலைகளைப் பயன்படுத்தலாமா என்று ஆராய அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். கிடைக்கவில்லை, யோசனை மிகவும் எளிமையானது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதினாராம். அகமது விடவில்லை. ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. கைபேசியில் எடுக்கும் ஜேபெக் படத்திலிருந்து வீட்டில் ஓடும் 4K படம் வரை அந்தக் கணிதமும் அதன் வாரிசுகளும்தான் இன்றும் ஓடுகின்றன. மூன்று இந்தியப் பெயர்கள் தாங்கிய அந்தச் சில பக்கங்களைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் ஒரு பத்தி எழுதினால் குறைந்துபோக மாட்டோம்.

அது செய்வது இதுதான். 8-க்கு 8 பிக்சல் கட்டம் ஒன்றை எடுத்து, அதிலுள்ள 64 வெளிச்ச அளவுகளை 64 அடிப்படைக் கோலங்களின் கலவையாக மாற்றி எழுதுகிறது. முதல் கோலம் வெறும் தட்டை. அடுத்தவை மெல்ல மெல்ல ஏறி இறங்கும் அலைகள். கடைசியில் இருப்பவை மிகப் பொடியான கட்டங்கள். இந்த மாற்றத்தால் மட்டும் எதுவும் இழக்கப்படுவதில்லை. 64 எண் உள்ளே, 64 எண் வெளியே. ஆனால் வானம், சுவர், கன்னம் போன்ற வழுவழுப்பான இடங்களில் முதல் சில எண்கள்தான் பெரிதாக இருக்கும், மற்றவை ஏறக்குறைய பூஜ்யம். பூஜ்யத்துக்கு அருகில் இருப்பதைப் பூஜ்யம் என்றே எழுதிவிட்டால் நாலைந்து எண்ணில் கட்டம் முடிந்தது.

மூன்றாவது பங்குதான் எல்லாவற்றிலும் பெரியது: தறியின் பங்கு. கதாநாயகன் பேசிக்கொண்டிருக்கிறான்; பின்னாலுள்ள சுவர் 24 பிரேமிலும் அதே சுவர். முதல் பிரேமை முழுதாக எழுதிவிட்டு அடுத்தவற்றில் ‘சுவர் முன்போலவே, இந்தக் கட்டம் மூன்று பிக்சல் வலப்பக்கம் நகர்ந்தது, உதட்டருகே இவ்வளவு வித்தியாசம்’ என்று மட்டும் குறிக்கிறார்கள். சில பிரேம்கள் தமக்கு முன்னால் உள்ளதையும் பின்னால் வரப்போவதையும் சேர்த்துப் பார்த்துக் கட்டப்படுகின்றன. சினிமா தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியில் இந்தச் சிக்கனம் கிடையாது. அங்கே ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது. நொடிக்கு 250 மெகாபிட் வரை அனுமதி உண்டு. சென்னையில் உருவான க்யூப் போன்ற சர்வர்கள் அந்த வெள்ளத்தைத் தாங்கவே கட்டப்பட்டவை. வீட்டுக்கு வரும் படமோ முழுக்க முழுக்கக் குறிப்புகளின் சங்கிலி.

சங்கிலியைத் திரும்பப் படமாக்குவதுதான் கிராபிக்ஸ் கார்டின் வேலை. இந்த இடத்தில் கடைக்காரரும் வாங்குபவரும் ஒன்றாகச் சறுக்குகிறார்கள். விளையாட்டுக்கான பெரிய கார்டுகளின் பெருமை, ஆயிரக்கணக்கான சிறு கணக்கிகள் ஒரே நேரத்தில் வேலை செய்வது. ஒரு காட்சியில் இங்குள்ள புல்லுக்கும் அங்குள்ள மலைக்கும் நிறம் தீட்ட ஆளுக்கொரு மூலையில் உட்காரலாம்; யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். சுருக்கிய வீடியோவின் குறிப்பு அப்படிப்பட்டது அல்ல. அதன் உள்ளே ஒரு பிட்டை எப்படிப் படிப்பது என்பது முந்தைய பிட்டுகள் என்ன சொல்லின என்பதைப் பொறுத்தது. மூன்றாவது ஊடையைப் போடாமல் நாலாவதைப் போட முடியாது. ஆயிரம் பேர் தறியைச் சுற்றி நின்றாலும் நாடா ஒன்றுதான் ஓடும். அதனால் சிப் செய்கிறவர்கள் இந்த வேலைக்கென்றே சிலிக்கானில் ஒரு சிறு மூலையை ஒதுக்கி, அதில் இது ஒன்றை மட்டும் செய்யும் சுற்றை வார்த்துவிடுகிறார்கள். என்விடியா அதற்கு வைத்த பெயர் என்வி-டெக், ஏஎம்டி வைத்தது விசிஎன், இன்டெல் வைத்தது குவிக் சிங்க். படம் பார்க்கும்போது லட்ச ரூபாய் கார்டிலும் ஓடுவது அந்த மூலைதான். மற்ற ஆயிரக்கணக்கான கணக்கிகள் பெரும்பாலும் கைகட்டி உட்கார்ந்திருக்கின்றன.

அந்த மூலையில் வார்த்தது வார்த்ததுதான். பிறகு வரும் புதுச் சுருக்கு மொழியை அதற்குக் கற்றுத்தர முடியாது. 2003-இல் எச்.264 வந்தது, 2013-இல் பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும் எச்இவிசி, 2018-இல் உரிமைக் கட்டணம் கேட்காத ஏவி1. யூடியூப் தன் 4K படங்களை விபி9, ஏவி1 மொழிகளில்தான் தருகிறது. இப்போது, ‘நாலு ஜிபி கார்டு சார், சும்மா பிச்சுக்கிட்டு ஓடும்’ என்று சொல்லி பல கடைகளில் கையில் கொடுக்கும் ஜிடி 710-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிப் எச்இவிசி பிறப்பதற்கு முந்தைய தலைமுறை. 4K எச்இவிசி படத்தைப் போட்டால் அது கைவிரித்துவிடும். முழுச் சுமையும் ப்ராசஸரின் தலையில் விழும். மின்விசிறி அலறும், படம் விக்கும். அந்த நாலு ஜிபி என்ன ஆயிற்று? 4K பிரேம் ஒன்று, விரித்த நிலையில் நினைவகத்தில் பிடிப்பது ஏறக்குறைய 25 எம்பி. ஒப்பிடுவதற்காகப் பதினாறு பிரேமைக் கையில் வைத்திருந்தாலும் 400 எம்பி. படம் பார்க்க இரண்டு ஜிபியே தாராளம்.

2017-இல் வந்த ஜிடி 1030 இதற்கு நேர்மாறு. 30 வாட்தான் குடிக்கும், விளையாட்டில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் 10 பிட் எச்இவிசியும் விபி9-உம் அதற்கு அத்துபடி. ஏவி1 தெரியாது. புதியது என்பதால் எல்லாம் தெரிந்திருக்கும் என்றும் நம்ப முடியாது: 2022-இல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400-இல் செலவைக் குறைக்க ஏவி1 சுற்றையே எடுத்துவிட்டார்கள், அதன் அண்ணன் ஆர்எக்ஸ் 6600-இல் அது இருக்கிறது. அதே 2022-இல் இன்டெல் கொண்டுவந்த ஆர்க் ஏ380-க்கு ஏவி1 படிக்கவும் தெரியும், எழுதவும் தெரியும். இந்த வேறுபாடு பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்காது. தேட வேண்டியது ஜிபியையோ மெகாஹெர்ட்ஸையோ அல்ல, அந்தச் சிப் எந்தெந்த மொழியை வன்பொருளில் வாசிக்கிறது என்ற அட்டவணையை. மூன்று நிறுவனங்களும் அதை வெளியிடுகின்றன.

சொல்லப்போனால் பல வீடுகளுக்குக் கார்டே வேண்டாம். இன்டெல்லின் ஏழாம் தலைமுறையிலிருந்து ப்ராசஸருக்குள்ளேயே 10 பிட் எச்இவிசி வாசிக்கும் சுற்று உண்டு. பதினோராம் தலைமுறையிலிருந்து ஏவி1-உம் உண்டு. (பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்துள்ள ப்ராசஸர்களில் படச்சுற்றே முடக்கப்பட்டிருக்கும்; விலை குறைவு என்று அதை எடுத்துவிட்டுத் திண்டாடுபவர்கள் உண்டு.) பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இடறுவது சிப்பாக இல்லாமல் பின்னாலுள்ள ஓட்டையாகவும் இருக்கலாம். அக்கால மதர்போர்டுகள் பலவற்றில் எச்டிஎம்ஐ 1.4 தான். அதன் வழியாக 4K நொடிக்கு 30 தடவைக்கு மேல் போகாது. சினிமாவுக்குப் போதும், கிரிக்கெட்டுக்கும் மவுஸ் அசைவுக்கும் போதாது. 60 தடவைக்கு எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். அந்த ஒரு ஓட்டைக்காகவே சின்ன கார்டு ஒன்றை வாங்குவது நியாயமான செலவு.

சக்தி வாய்ந்த கார்டுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் ஒரு இடம்: பழைய டிவிடியில் உள்ள படத்தை 4K திரைக்கு ஊதிப் பெருக்குவது. மேட்-விஆர் போன்ற மென்பொருள்கள் இதற்கு அந்த ஆயிரம் கணக்கிகளையும் எழுப்பிவிடும். முடிவு அழகாகவே இருக்கும். ஆனால் நல்ல டிவி இதே வேலையைத் தானே சுமாராகச் செய்துவிடுகிறது. பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த வித்தியாசத்துக்கு அவ்வளவு பணம் தகுமா என்றால், தகாது என்பேன்.

அதைவிட அதிகம் கண்ணை உறுத்துவது தாளம். சினிமா நொடிக்கு 24 பிரேம். கணினித் திரை வழக்கமாக நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. அரைத் தடவை காட்ட முடியாது. எனவே ஒரு பிரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டுகிறது. கேமரா மெதுவாக வயல்வெளியைக் கடக்கும் காட்சியில் அது நொண்டுவது தெரியும். கார்டை 24 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நொண்டல் போய்விடும். கோடி (Kodi) போன்ற பிளேயர்கள் படத்துக்கு ஏற்பத் தாமே மாற்றிக்கொள்ளும். இதிலும் ஒரு பிசிறு. பல வட்டுகளில் படத்தின் வேகம் சரியாக 24 இல்லை, 23.976, அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி விட்டுப்போன எச்சம். 2011 வாக்கில் வந்த இன்டெல் சிப்புகள் இதைச் சரியாகத் தராமல் 24 என்றே தந்தன. ஏறக்குறைய 40 நொடிக்கு ஒருமுறை படம் ஒரு துள்ளு துள்ளியது. நம் ஊர்த் தொலைக்காட்சி 25 பிரேம் முறையில் வளர்ந்தது. சினிமாவை அதில் ஏற்றும்போது 24-ஐ 25-ஆக ஓட்டிவிடுவதே எளிய வழி. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். பாட்டிலும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாகச் சுருதி ஏறிவிடும். அப்படி ஏற்றிய பாட்டோடு ஆர்மோனியத்தைச் சேர்த்து வாசிக்கப் போனால் இரண்டும் ஒட்டாது.

நிறத்திலும் ஒரு வார்த்தை. 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1,024. அந்தி வானத்தில் ஆரஞ்சு மெல்ல நீலமாகும் இடத்தில் 256 படிகள் போதாமல் பட்டை பட்டையாகத் தெரியும். சாயத்தில் தோய்த்த பட்டு நூல் கற்றையில் நிறம் திட்டுத் திட்டாக இருந்தால் ஆரணியில் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் கண்ணுக்கு இது தப்பாது. கார்டு, கேபிள், டிவி மூன்றும் 10 பிட்டைக் கடத்தினால்தான் வெளிச்ச வீச்சு கூடிய எச்டிஆர் படத்துக்கு அர்த்தம்.

ஆரணிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது வெயிலும் தூசும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், விசிறியே இல்லாத கார்டை மூடிய அலமாரிக்குள் வைத்தால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறி உள்ள கார்டோ, தறி ஓடும் வீட்டில் பறக்கும் பிசிறை இழுத்து வெப்பத் தகட்டில் அடைத்துக்கொள்ளும். 30 வாட் அளவுக்குள் உள்ள கார்டு, முன்னும் பின்னும் காற்று போக இடமுள்ள பெட்டி, மெதுவாகச் சுற்றும் ஒரு பெரிய விசிறி, மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுதல்: இந்தச் சேர்க்கைதான் அந்த வீடுகளுக்குச் சரிப்படும் என்று நினைக்கிறேன். 75 வாட் வரை ஸ்லாட்டே கொடுத்துவிடும்; தனி மின் கேபிள் கேட்கும் கார்டு எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை.

இவ்வளவையும் பார்த்து வாங்கியபின்னும் ஓடிடியில் 4K வராமல் போகலாம். பல நிறுவனங்கள் திருட்டுக்குப் பயந்து, கணினியின் பிரவுசருக்கு முழுத் தரத்தைத் தருவதில்லை. அதற்குக் கார்டைத் திட்டிப் பயனில்லை, டிவியிலுள்ள செயலியில் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கையிலுள்ள கோப்பு ஓடுகிறதா என்பதைச் சோதிப்பது சுலபம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு-வைத் தொட்டால் சின்னச் சின்ன வரைபடங்கள் வரும். படத்தை ஓடவிட்டு அவற்றில் வீடியோ டீகோட் என்பதைக் கவனியுங்கள். அந்தக் கோடு எழும்பி, சிபியு கோடு தரையோடு கிடந்தால் அந்தச் சிறு மூலை வேலை செய்கிறது. சிபியு கோடு உச்சியில் நின்றால், கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.